ஸ்பிரிங் கெட்டியானால் கார் வேகமாகிவிடுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று சஸ்பென்ஷன். கம்பெனியில் இருந்து வந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் உட்காரும் ‘காயில்ஓவர்’ செட்டை மாட்டுகிறார்கள். திருகுமரை உள்ள வளையத்தைச் சுற்றினால் காரின் உயரம் கூடும், குறையும். ஸ்பிரிங் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பலர் கடையில் கேட்பது ஒன்றே ஒன்று: “இருப்பதிலேயே கெட்டியானது எது?”

அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. டயர் தரையில் ஒட்டியிருக்கும் வரைதான் காருக்குப் பிடிமானம். மேட்டில் சக்கரம் ஏறவும், பள்ளத்தில் இறங்கவும் இடம் கொடுப்பதற்காகவே ஸ்பிரிங் இருக்கிறது. அளவுக்கு மீறி விறைத்த ஸ்பிரிங் போட்ட கார், கரடுமுரடான வளைவில் வேகமாகத் திரும்பும்போது சக்கரங்களைத் தரையில் இருந்து பிய்த்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும். டயர் காற்றில் இருக்கும் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஓட்டுபவருக்கு உடம்பெல்லாம் குலுங்குவதால் வேகமாகப் போவது போலத் தோன்றும். கடிகாரத்துக்கு அந்த மயக்கம் கிடையாது.

1962-ல் வந்த லோட்டஸ் எலான் இதற்கு நல்ல சாட்சி. லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மனின் அந்தச் சின்னக் காரில் ஸ்பிரிங்குகள் மென்மையானவை. சக்கரம் மேலும் கீழும் தாராளமாக நகரும். துள்ளலை அடக்கும் பொறுப்பு ஷாக் அப்சார்பரிடம் விடப்பட்டிருந்தது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரே, ஸ்டியரிங் உணர்வுக்கு உரைகல்லாக எலானைப் பல முறை சுட்டிக்காட்டியிருக்கிறார். பந்தயத்திலேயே ஊறியவர்கள் கட்டிய கம்பெனி, விற்பனைக்கு விட்ட சாலைக் காரில் மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டது என்பதை ‘கெட்டி’ பிரியர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரியான விறைப்பைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட இயற்பியல் போதும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் அதிகமாக ஸ்பிரிங் மாற்றப்படும் கார்களில் அதுவும் ஒன்று. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 240 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சக்கரம், பிரேக் போன்ற, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள பாகங்களுக்கு 30 கிலோ கழித்தால், ஸ்பிரிங் தாங்குவது 210 கிலோ.

அடுத்து, ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையின் நடுவில் எங்கோ உட்காருகிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்பும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் விகிதம் 0.7. சக்கரம் உணரும் விறைப்பைக் காண அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், 0.7-ன் வர்க்கம் 0.49. அதாவது, வாங்கிப் போட்ட ஸ்பிரிங்கின் பலத்தில் பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நண்பரின் வேறு காரில் நன்றாக இருந்த எண்ணை அப்படியே தன் காருக்கும் கேட்பது ஏன் உதவாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடைசியில் பார்க்க வேண்டியது கார் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. வீட்டுக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை ஆடும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.5 முதல் 2 வரை பொருந்தும். அதற்கு மேலே போனால் வழவழப்பான பந்தயத் தடம் வேண்டும். நம் உதாரணக் காருக்கு 1.6 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், கணக்குப்படி ஸ்பிரிங் மில்லிமீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ. கடையில் ‘எட்டு கிலோ’ ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினால் அதே கார் 2.15 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். தினமும் ஆபீஸுக்குப் போகிற காருக்கு அது தேவையே இல்லை.

முன்னும் பின்னும் ஒரே கணக்காக இருக்கலாமா என்றால், சாலைக் காருக்குக் கூடாது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களிலேயே இதைக் கண்டறிந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் கொஞ்சம் கழித்து ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் கார் மூக்கைத் தூக்கித் தாழ்த்தி ஊஞ்சலாடும்.

ஸ்பிரிங்கை மாற்றும்போது ஷாக் அப்சார்பரை மறந்துவிடுவதும் சகஜமாக நடக்கிறது. விறைப்பை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு அடக்கம் கிடைக்க ஷாக் அப்சார்பரின் தடுப்பு சுமார் 1.4 மடங்காக வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரோடு புது ஸ்பிரிங்கைக் கட்டிக்கொடுத்தால், வேகத்தடையைத் தாண்டிய பிறகும் கார் ஆடிக்கொண்டே போகும். காரை ரொம்பவும் தாழ்த்தினால் வேறொரு ஆபத்து: சக்கரம் எழும்ப இடம் இல்லாமல் ஷாக் அப்சார்பர் ‘பம்ப் ஸ்டாப்’ என்ற ரப்பர் தடுப்பில் போய் முட்டும். வளைவின் நடுவில் அப்படி முட்டினால் அந்தப் பக்கத்தின் விறைப்பு ஒரே அடியாக ஏறி, கார் சறுக்கும். வளையத்தைச் சுற்றி ‘டைட்’ வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. ஒரே சீரான விறைப்புள்ள சாதாரண ஸ்பிரிங்கில் அப்படிச் செய்தால் மாறுவது உயரம்தான், விறைப்பு மாறாது.

செலவை மிச்சப்படுத்த, பழைய ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எடுக்கும் பழக்கம் இருக்கிறது. எட்டுச் சுற்று வேலை செய்த இடத்தில் ஆறுதான் மிச்சம் என்றால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி அமுக்கினால் எஃகின் பதமே கெட்டுப்போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் உடையக்கூடும். எந்த மெக்கானிக் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்கக் கூடாது.

ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம். 1951-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஐபாக் கம்பெனியின் பந்தய ஸ்பிரிங் ஒன்றில் ‘1000.250.0400’ என்று இருந்தால், நீளம் 10 அங்குலம், உள்விட்டம் 2.5 அங்குலம், விறைப்பு ஓர் அங்குலத்துக்கு 400 பவுண்ட். ஜப்பானியர்கள் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதுவார்கள். மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது அங்குலத்துக்கு ஏறக்குறைய 56 பவுண்டுக்குச் சமம். அந்த 400 பவுண்ட் ஜப்பானியக் கணக்கில் சுமார் 7 கிலோ. உள்விட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். 60 மில்லிமீட்டர், 2.5 அங்குலம், 65 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் புழங்குகின்றன. 2.5 அங்குலம் என்பது 63.5 மில்லிமீட்டர். 65 தட்டில் அது ஏறாது. 60 தட்டில் போட்டால் ஆடி உராயும்.

காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடும்போது ஸ்பிரிங் தட்டில் இருந்து கழன்று ஆடினால், ஜப்பானின் கட்டாய வாகனச் சோதனையில் அந்தக் கார் தேறாது. தரையில் இருந்து 9 சென்டிமீட்டருக்குக் கீழே காரைத் தாழ்த்தினாலும் அப்படியே. கெட்டியான, நீளம் குறைந்த ஸ்பிரிங் வாங்குபவர்கள் அதைத் தட்டோடு பிடித்துவைக்க மெல்லிய துணை ஸ்பிரிங் ஒன்றையும் சேர்த்து வாங்குவது இதனால்தான். பந்தயத் தடம் என்றாலே கெட்டி ஸ்பிரிங்தான் என்றும் இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வட்டப்பாதை 20 கிலோமீட்டருக்கும் மேல் மலைக்காட்டில் ஏறி இறங்குகிறது. கார்கள் நான்கு சக்கரமும் எழும்பும் மேடுகள் உண்டு. அங்கே வழக்கமாக ஓட்டுபவர்கள், மற்றத் தடங்களுக்குப் போடுவதைவிட மென்மையான ஸ்பிரிங்கையே விரும்புகிறார்கள்.

நம் சாலைகளில் காரை மாற்றுபவர்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் பந்தயக் காரின் கதை வேறு.

ஸ்பிரிங் வாங்கப் போகிறவர்கள் நான்கு சக்கரங்களின் மேலும் இறங்கும் எடையைத் தனித்தனியாக நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள விகிதம், ஷாக் அப்சார்பர் எவ்வளவு தாங்கும், கார் ஓடப்போகும் சாலை எப்படிப்பட்டது என்பதைக் கடைக்காரர் கேட்கிறாரா என்று பாருங்கள். எதையும் கேட்காமல் “எட்டு கிலோ போடுங்க சார், சூப்பரா இருக்கும்” என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.