சும்மா ஒரு சவாரி

“எங்கே பயணம்?” என்று கேட்பவருக்குச் “சும்மா” என்று விடை கூறும் மனிதரை நம் சமுதாயம் அவ்வளவாக மதிப்பதில்லை. கோயிலுக்கு என்றால் வழிவிட்டு ஒதுங்குகிறோம். கலியாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளை எவ்விடம் என்று ஆவலோடு விசாரிக்கிறோம். சும்மா போகிறேன் என்றாலோ, ஏதோ மறைக்கிறார் என்று ஐயுறுகிறோம்! ஆயினும் இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சும்மாப் பயணமேயாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில், பெருந்தெருவை விட்டு விலகி, அவசரம் சிறிதும் இன்றி, மோட்டார் சைக்கிளிலே சிறு வீதிகள் வழியாகச் செல்லும் பயணம்.

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஜிந்துப்பிட்டியின் ஒழுங்கைகளில் அவற்றின் தொண்டைக் காணாத நாள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். புறக்கோட்டையிலிருந்து வெங்காய மூட்டையைக் கொண்டுவருவதும் அதுதான். வாரத்தில் ஆறு நாள் மாடாக உழைக்கும் அவ்வாகனத்துக்கும் அதன் சொந்தக்காரருக்கும் ஏழாம் நாளில் ஒரு குதிரைச் சவாரி கிடைத்தால் குற்றமா என்பதே நமது கேள்வி.

இந்த இன்பத்தைப் புத்தகமாக்கிப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. ரொபேர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர் 1968ஆம் ஆண்டில் தம் மகனைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை சென்றார். அப்பயணத்தை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற நூல் 1974இல் வெளிவந்தது. பெருஞ்சாலைகளைத் தவிர்த்துக் கிராமத்துச் சாலைகளையே அவர் விரும்பித் தேர்ந்தார். நமக்கோ அந்தத் தேர்வைச் சட்டமே செய்து தந்துவிட்டது! கொழும்பையும் கட்டுநாயக்காவையும் இணைத்து 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. 25.8 கிலோமீற்றர் நீளமான அப்பாதையிலே காரில் செல்வோர் கண்ணை மூடித் திறப்பதற்குள் விமான நிலையத்தை அடைந்துவிடுகின்றனர். அவர்கள் எதைக் காணாமல் போகிறார்கள் என்பதைக் காணவே நாம் புறப்பட்டோம்.

நாம் என்றால் ஓட்டியவர் நாமல்லர். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் ஓட்டினார். நாம் பின்னால் அமர்ந்தோம். “ஐயாவை ஏற்றிக்கொண்டு பறக்காதே தம்பி” என்று அவருடைய தாயார் வாசலில் நின்று எச்சரித்தார். எமது பருமனை நோக்கும்போது அவ்வெச்சரிக்கை வண்டிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது போலத் தோன்றியது. தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுப் புறப்பட்டோம். ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை, புனித லூசியா பேராலயத்தின் பெரிய கவிமாடம், பின்னர் முகத்துவாரம். முகத்துவாரம் என்ற பெயரை எத்தனை முறை சொல்லியிருப்போம்! களனி கங்கை கடலோடு கலக்கும் வாய் அது என்பதை மட்டக்குளியப் பாலத்தின் மேல் வண்டி ஏறும்போதுதான் கண் உணர்கிறது. சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஆறு அங்கே அகன்று, கலங்கி, உப்புக் காற்றை முகர்ந்துகொண்டு மெல்ல நகர்கிறது.

இப்பாலத்தில் சற்று நிற்கவேண்டும். இன்றைய மாணவர்கள் அறியமாட்டார்கள். அவர்களுடைய தந்தையர் நன்கு அறிவர். யுத்த காலத்திலே கொழும்பில் வாழ்ந்த தமிழ் இளைஞனுக்குச் சும்மா என்ற சொல்லே மறுக்கப்பட்டிருந்தது. சோதனைச்சாவடியிலே “கொஹெத யன்னே?” என்று கேட்பார்கள். மருத்துவமனைக்கு என்றால் துண்டைக் காட்டவேண்டும்; வேலைக்கு என்றால் கடிதத்தைக் காட்டவேண்டும். காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்? 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றி வடக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். தலைநகரில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குறை. மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. காரணம் கேட்கப்பட்டே வளர்ந்த ஒரு தலைமுறை, காரணமின்றி ஒரு பாலத்தைக் கடப்பதை வெறும் உல்லாசம் என்று நாம் கருதவில்லை. வண்டியோட்டிய இளைஞருக்கு இதைச் சொன்னோம். யுத்தம் முடிந்த 2009இல் அவர் பாலர் வகுப்பில் இருந்தாராம். “அப்பா இதையெல்லாம் சொன்னதில்லை ஐயா” என்றார். சொல்லாத அப்பாக்கள் பலர்.

நிற்க. பாலம் கடந்தால் ஹெந்தளை. ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் மருத்துவமனை இவ்வூரின் பழமைக்குச் சான்று. இங்கிருந்து பமுனுகம வீதி வடக்கே நீள்கிறது. இடப்புறம் கடல், வலப்புறம் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் முத்துராஜவெல என்னும் பெருஞ்சதுப்பு. கால்வாயைப் பலரும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே அழைப்பர். இப்பகுதியில் உள்ளது ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயாகும். 14.5 கிலோமீற்றர் நீளமுடையது. ‘வெல’ என்றால் சிங்களத்தில் வயல். பெயரே சொல்வதுபோல் ஒரு காலத்தில் இது நெல் விளைந்த பூமி. முன்னர் வெட்டிய கால்வாயின் வழியாகக் கடல்நீர் ஏறி வயல்களைக் கெடுத்தது. அந்த உப்புநீரை வடியச் செய்யவே ஆங்கிலேயர் புதிதாக வெட்டினர் என்பர். நெல் திரும்பி வரவில்லை. கண்டலும் நாணலும் வந்தன; அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்தன. மனிதன் கெடுத்ததைப் பறவைகள் தமக்கு ஆக்கிக்கொண்டன! 1996இல் இதன் ஒரு பகுதி வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. கொழும்புக்கு வரும் வெள்ளநீரை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சும் இதுவே. எனினும் ஓரங்களில் குப்பையும் கல்லும் கொட்டி நிலமாக்கும் வேலை ஓய்ந்தபாடில்லை.

இவ்வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் செல்வது மூடத்தனம். வேகம் குறைந்தால் மூக்கும் காதும் விழித்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் கருவாட்டு மணம், அடுத்த திருப்பத்தில் பாண் வேகும் மணம், அதற்கப்பால் சேற்றின் பச்சை வாசனை. சந்திக்குச் சந்தி கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு புனிதர் நின்று வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால்வாய்க் கரையில் ஒரு பெரிய கபரக்கொய்யா வீதியைக் கடக்க எண்ணி, எம்மைக் கண்டு, எண்ணத்தை மாற்றிக்கொண்டது. காரில் சென்றிருந்தால் அதன் முகத்தில் தோன்றிய சலிப்பைக் கண்டிருக்க முடியுமா?

பமுனுகமக் கடற்கரையில் வண்டியை நிறுத்தி மணலில் இறங்கினோம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூனில் மூழ்கியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரிசி மணி போன்ற வெண்ணிறப் பிளாஸ்ரிக் குருணைகள் அதிலிருந்து சிந்தி, இக்கரையில் பனிபோலக் குவிந்தன. மீனவர் கடலுக்குப் போவது தடுக்கப்பட்டது. அள்ளினார்கள், சலித்தார்கள், மூட்டை கட்டினார்கள். எனினும் முற்றும் அள்ளி முடிக்கக்கூடிய பொருளா அது? கரை மேலோட்டமாக அழகாகத்தான் இருக்கிறது.

துவ, பிட்டிபனை என்னும் மீனவ ஊர்களைக் கடந்து, களப்பின் வாயிலுள்ள பாலத்தால் நீர்கொழும்பை அடைந்தோம். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். இடையே நின்ற நேரத்தையும் தேநீர் அருந்திய நேரத்தையும் சேர்த்து மூன்று மணித்தியாலம்! இப்பாதையின் இரு முனைகளையும் ஒரே துயரம் கட்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜிந்துப்பிட்டிக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. எம்மை ஏற்றி வந்த இளைஞரின் பள்ளித்தோழன் ஒருவன் கொச்சிக்கடையில் இறந்தவருள் ஒருவன். கட்டுவப்பிட்டிக்குச் செல்வோமா என்று அவரே கேட்டார். சென்றோம். சிறிது நேரம் நின்றோம். அங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பின்னர் களப்போரத்துக்குத் திரும்பினோம். நீர்கொழும்பின் பெயர் பெற்ற மீன் சந்தையைக் காண விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை செல்ல வேண்டாம். கத்தோலிக்க மீனவருக்கு அன்று ஓய்வுநாள், சந்தை கூடாது. ஆனால் ஓய்வாயிருக்கும் மனிதர் பேசுவர். வலையைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் இருவர் தம்முள் பேசியதைக் கேட்டு எமது இளைஞர் திகைத்து நின்றார். தமிழ்! ஆனால் நாம் அறிந்த தமிழன்று.

இக்கரையோரத்து மீனவக் குடும்பங்கள் பல, தலைமுறைகளாகத் தமிழ் பேசியவை. இருபதாம் நூற்றாண்டிலே இப்பகுதிப் பள்ளிகள் சிங்கள மொழிக்கு மாறின. பிள்ளைகள் சிங்களத்தில் எழுதப் படித்தனர். வீட்டிலும் தோணியிலும் தமிழ் தங்கியது. அவர்களுடைய பேச்சை மொழியியலாளர் தனிக் கிளைமொழியாகவே ஆராய்ந்துள்ளனர். இதில் ஒரு விந்தை, மாணவர்கள் கவனிக்க: நம் தமிழில் நான் போனேன், நீ போனாய், அவர் போனார் என வினை ஆளுக்கேற்ப உருமாறும். நீர்கொழும்பு மீனவர் தமிழில் அவ்விகுதி வேறுபாடு உதிர்ந்துவிட்டது. பேச்சுச் சிங்களத்தைப் போல, போனவர் எவராயினும் வினைச்சொல்லுக்கு வடிவம் ஒன்றுதான். இலக்கண ஆசிரியர் முகம் சுளிக்கலாம். எமக்கோ இரண்டு மொழிகள் ஒரே தோணியில் நெடுங்காலம் துடுப்பு வலித்ததன் தழும்பாகவே அது தோன்றியது.

முதியவருள் ஒருவர் எம் பக்கம் திரும்பி, எவ்விடத்தால் வருகிறோம் என்று வினவினார். ஜிந்துப்பிட்டி என்றோம். அவருக்கு முகம் மலர்ந்தது. இளமையில் அங்கே நாடகம் பார்க்க வந்ததுண்டாம். எந்த நாடகம் என்பது நினைவில்லை. பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்ப வழியின்றித் திண்ணையில் படுத்ததுதான் நினைவிருக்கிறதாம். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா என்று கேட்டோம். “விளங்கும்” என்று மட்டும் சொல்லி, மீண்டும் வலையை எடுத்துக்கொண்டார்.