ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்கு வாய் கிடையாது

விளையாட்டு என்றால் ஒருத்தர் ஜெயிக்க வேண்டும், இன்னொருத்தர் தோற்க வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. தாயம், பல்லாங்குழி, சீட்டு, கேரம் எல்லாம் அந்த வகைதான். அதனால்தான், "எல்லோரும் ஒரே கட்சி, ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்தே" என்று ஒரு விளையாட்டு இருப்பதாகச் சொன்னதும் டீக்கடையில் நண்பர் கேட்டார்: "அப்போ எதிராளி யாருய்யா?" நியாயமான கேள்வி.

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரனும் பேத்தியும் இளையரசனேந்தல் வீட்டுக்குக் கொண்டு வந்தது, 'குளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் தி லயன்'. அமெரிக்காவைச் சேர்ந்த ஐசக் சில்ட்ரஸ் உருவாக்கியது, 2020இல் வெளிவந்தது. இதற்கு மூத்தது 2017இல் வந்த குளூம்ஹேவன். அதன் பெட்டியே சுமார் 10 கிலோ; உள்ளே 95 கதைக் கட்டங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது சின்னது, 25 கட்டம். நாலு பேர் வரை ஆடலாம். நாலு வீரர்களுக்கு நாலு குட்டிப் பொம்மைகள்; கொலுவில் கடைசிப் படியில் வைக்கலாம், அவ்வளவு நுணுக்கம். தனியாகப் பலகை கிடையாது. கதைப் புத்தகத்தை விரித்தால் அந்தப் பக்கமே களம்.

எதிராளி யார் என்றால், யாருமில்லை. எதிரிகளுக்கென்று தனிச் சீட்டுக்கட்டு இருக்கிறது. மேல் சீட்டைப் புரட்டினால் அவை நகருமா, அடிக்குமா என்று அதிலேயே இருக்கும். நாம் முறைக்கு இரண்டு சீட்டு இறக்கி, ஒன்றின் மேல் பாதியையும் மற்றதன் கீழ்ப் பாதியையும் பயன்படுத்த வேண்டும். ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஒரு சீட்டு நிரந்தரமாகப் போய்விடும். கையில் சீட்டு தீர்ந்தால் வீரன் சோர்ந்து விழுந்தான் என்று கணக்கு. ஓய்வுக்கு ஒரு விலை உண்டு என்பது ஓய்வூதியக்காரனுக்கு உடனே புரிகிறது!

பொம்மை வைத்துச் சண்டை நடத்துவது வெள்ளைக்காரர்களுக்குப் புதிதல்ல. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913லேயே பொம்மைச் சிப்பாய்களுக்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். அந்த வழியில்தான் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வருவது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கோயில் மண்டபத் தரைகளில் கொத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு தனியாக நின்றால் புலி தாண்டி வெட்டிவிடும். அதன் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் தாண்ட இடமில்லை. கூட்டாக நிற்பதை இதைவிட எளிமையாக யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் 15 ஆட்டையும் நகர்த்துவது ஒரே கை. எந்த ஆட்டைப் புலிக்குக் கொடுப்பது என்று எந்த ஆட்டையும் கேட்பதில்லை. எங்கள் பிர்காவைச் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து எடுத்துக் கோவில்பட்டி தாலுகாவில் சேர்த்துவிட்டு, ஊராட்சிகளை மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டார்களே, அந்த மாதிரி.

கூட்டு விளையாட்டுக்கும் இந்த வியாதி உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் மற்ற மூவருக்கும் சேர்த்து ஆடிவிடுவார். இதற்கு மருந்தாக இந்த விளையாட்டில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் சீட்டைக் காட்டக் கூடாது, அதிலுள்ள எண்ணையும் சொல்லக் கூடாது. "நான் சீக்கிரம் போவேன்", "கொஞ்சம் பிந்துவேன்" என்று சொல்லலாம், அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்தவர் புத்தியை நம்பி விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே இந்த விளையாட்டை நான் மெச்சுகிறேன். நிலம் விற்பதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் பெரியவர் முடிவு செய்த பிறகு மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவதைத்தான் நாம் கலந்து பேசுவது என்று சொல்லி வந்திருக்கிறோம்.

என் மனைவி சிவப்புக் காவலர் பொம்மையை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் ஒரு கட்டத்தில் பேரன் "பின்னால வாங்க ஆச்சி" என்று கத்திக்கொண்டிருக்க, அவள் நேராகப் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையில் தற்காப்புச் சீட்டு இருந்தது அவளுக்குத்தானே தெரியும்? எதிரிகள் அவளைத் தாண்டி வர முடியவில்லை. அன்று நாங்கள் ஜெயித்தது அதனால்தான்.

குறைகளும் இருக்கின்றன. விலை அதிகம். பரப்பி வைக்கவே அரை மணி நேரம் ஆகிறது. எழுத்துகள் எறும்பு மாதிரி. கதை முழுக்க ஆங்கிலம். ஆனால் இந்தக் கடைசிக் குறையில் ஒரு லாபம் வந்தது. ஆச்சிக்குப் புரிய வேண்டுமே என்று பேரன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "பாழடைந்த", "பதுங்கி" என்றெல்லாம் வார்த்தை தேடினான். அவள் 'உம்' கொட்டினாள். பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி.ரா. பண்டிதர் பட்டமில்லாமலே கதை சேர்த்தது இந்த 'உம்' கொட்டும் பூமியில்தான். அவருடைய 'கோபல்ல கிராம'த்தில் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வருகிறவர்கள் சேர்ந்து நடந்து, காட்டை அழித்து ஊர் கட்டுகிறார்கள். கூட்டாக ஆட இதைவிடக் கதை வேண்டுமா? குட்டிப் பொம்மைகளோடு தமிழில் யாராவது செய்தால் முதல் பெட்டி நான் வாங்குவேன்.

அதுவரைக்கும் காசில்லாமல் ஒரு வழி. பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு நாங்கள் நாலு கிழவர்கள் திண்ணையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டோம். ஒருவருக்குப் புலிகள். மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஐந்து ஆடு, முறை வைத்து நகர்த்த வேண்டும். அடுத்தவர் ஆட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முதல் நாலு ஆட்டம் புலிக்கே போனது. அதில் இரண்டு, ஒருவருக்கொருவர் முகத்தைச் சுளித்ததால் கலைந்தது என்றும் சொல்லலாம். ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று புலியும் நகர இடமில்லாமல் அடைபட்டன. புலிக்காரர் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.