தூதனாகும் கொழுப்பு

கொழுப்பு என்றதும் பெருத்த வயிறும் வைத்தியர் விதிக்கும் பத்தியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. உடம்பிலுள்ள கலங்களுக்கு 'வளர்க' என்னும் ஆணையைக் கொண்டு செல்வதும் கொழுப்பின் தொழிலே என்று வகுப்பிற் சொன்னபோது மாணாக்கர் நகைத்தனர்.

கலத்தைச் சூழ்ந்த மென்சவ்விலே கொழுப்புப் பொருள்கள் மிகுதியாக உள்ளன. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் பல, வெளியே நின்று கதவைத் தட்டுமேயன்றி உள்ளே புகுவதில்லை. அவை தட்டியதும், ஒரு நொதியம் சவ்விலுள்ள அரியதொரு கொழுப்பை இரண்டாகப் பிளக்கின்றது. ஒரு துண்டு உள்ளே சென்று, அடைபட்டிருக்கும் கல்சியத்தை வெளிவிடச் செய்கின்றது. மற்றைத் துண்டு சவ்விலேயே தங்கி, 'புரதக் கைனேசு சி' என்னும் வேறொரு நொதியத்தை எழுப்புகின்றது. இவற்றின் வழியாக ஆணை கலத்தினுள்ளே பரவுகின்றது.

இதன் முதற் சுவட்டை 1953ஆம் ஆண்டிற் கண்டவர்கள், புறாவின் சதையியை ஆராய்ந்த ஹோக்கின் தம்பதியர். முதற் துண்டின் தொழிலை 1983இல் பெரிட்ஜ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் தெளிவாக்கினர். இரண்டாவதன் தொழிலை விளக்கியவர் யப்பானிய அறிஞர் நிஷிசுக்கா.

வேலை முடிந்ததும் அத்துண்டுகளைக் கலம் விரைவில் மாற்றி அகற்றிவிடுகின்றது. "வருந்தி ஆக்கியதை உடனே அழிப்பது வீண்செலவன்றோ, ஐயா?" என்றான் ஒரு மாணவன். நல்ல வினா. அதற்கு விடை நம் வைத்தியர் நன்கறிந்த நேர்வாளத்தில் இருக்கின்றது.

பேதிக்குப் பேர்போன அவ்வித்தின் எண்ணெயில், இரண்டாவது துண்டைப் போல நடிக்கும் பொருளொன்று உண்டு. அதுவும் அதே நொதியத்தையே எழுப்புகின்றது என்பது 1982இல் தெரியவந்தது. ஆனால் கலம் அதனை எளிதில் அகற்ற இயலாது. ஆணை ஓயாது ஒலிக்கின்றது. புற்றுநோய் விளைக்கும் பொருளொன்றை முன்னரே சிறிதளவு தடவிய எலியின் தோலில், இவ்வெண்ணெயைப் பலமுறை பூசினால் கட்டிகள் எழுகின்றன. எண்ணெய் நோயை விதைப்பதன்று, விதைத்ததை வளர்ப்பது.

அம்மாணவனுக்கு நாம் சொன்னது இதுவே: வளரச் சொல்வது மட்டும் போதாது, தம்பி, போதும் என்று நிறுத்தவும் வேண்டும். துண்டுகளை அழிக்கும் அச்செலவு, உயிரைக் காக்கும் செலவு.