டென்னிஸ் பந்தும் டவுண் வீட்டுப் பணமும்

நெல்லை டவுண் ரத வீதியில் அல்வா வாங்குகிறவர் தராசு முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். கால் கிலோவுக்கே அவ்வளவு கவனம்! அதே ஆள் நள்ளிரவில் செல்போனைத் திறந்து, முகம் தெரியாத இரண்டு வெளிநாட்டு டென்னிஸ் ஆட்டக்காரர்கள் பேரில் ஆயிரம் ரூபாய் கட்டினால், எந்தத் தராசைப் பார்ப்பார்?

டென்னிஸ் நல்ல ஆட்டம். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதி வரை போய்ப் பேர் வாங்கினார். கெடுதல் எல்லாம் பந்தயத்தில்தான்.

முன்பெல்லாம் குதிரைப் பந்தயம் ஆட வேண்டுமானால் கிண்டிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. லாட்டரிச் சீட்டுக்குக் கடை வரையாவது நடக்க வேண்டியிருந்தது. அதுவும் 2003-ல் தமிழ்நாட்டில் ஒழிந்தது. இதற்கோ பாயை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்! வாரம் தவறாமல் உலகில் எங்கேயாவது டென்னிஸ் போட்டி நடக்கிறது. யார் ஜெயிப்பார் என்று மட்டுமல்ல, அடுத்த பாயிண்டு யாருக்கு என்றும் கட்டலாம்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பேரும் சம பலசாலிகள். ஒருவர் பேரில் நீங்கள் 100 ரூபாய், மற்றவர் பேரில் இன்னொருவர் 100 ரூபாய். ஜெயித்தவருக்குக் கம்பெனி 190 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10 ரூபாய் கம்பெனிக்கு. இப்படி 20 முறை நடந்தால் அந்த 200 ரூபாயும் கம்பெனிப் பெட்டியில்! யார் ஜெயித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இது நேர்மையாக நடந்தால் உள்ள கணக்கு. சிறிய போட்டிகளில் நடுவர் தம் கையில் உள்ள கருவியில் பாயிண்டைப் பதிவு செய்வார். அது பந்தயக் கம்பெனிகளுக்குப் போகும். சில நடுவர்கள் வேண்டுமென்றே தாமதித்துப் பதிவு செய்தார்கள் என்று 2016-ல் செய்தி வெளியாயிற்று. அந்த இடைவெளியில், விவரம் தெரிந்த கூட்டாளி பணம் கட்டிவிடுவான். வாகையடி முனையில் நிற்கிறவர் பந்து எங்கே விழும் என்று நெஞ்சு படபடக்கக் காத்திருப்பார். பந்து விழுந்து நேரம் ஆகியிருக்கும்!

ஆட்டக்காரர்களையே விலைக்கு வாங்குவதும் உண்டு. சிறிய போட்டிகளில் ஆடுகிறவர்களுக்குப் பரிசுப் பணம் வழிச்செலவுக்கே காணாது. அவர்களைப் பிடித்துத் தோற்கச் சொல்லிப் பணம் கொடுத்த ஒரு கும்பல் தலைவனுக்கு 2023-ல் பெல்ஜியம் கோர்ட்டு 5 ஆண்டு ஜெயில் தண்டனை கொடுத்தது. அவன் வலையில் விழுந்த ஆட்டக்காரர்கள் நூற்றுக்கும் மேல்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை உண்டு. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனி கடல் தாண்டி இருந்தால் விலங்கு மாட்டுவது லேசா?

உள்ளூரில் அகப்படுகிறவர் வேறு ஆள். இத்தகைய பணத்தைக் கடத்துவதற்கு ஏழைப் பிள்ளைகளின் பாங்கிக் கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். "சும்மா இருக்கும் கணக்குதானே!" என்று ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் தூக்கிக் கொடுக்கிறான் பையன். விசாரணை வந்தால் கணக்கில் இருப்பது அவன் பெயர். விலாசம் அவன் தாயார் குடியிருக்கும் வீடு. போலீஸ் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.