'நார்மல்' என்ற அந்த ஒரு வார்த்தை

என் அக்காவுக்கு வயது 72. எடை 44 கிலோ. போன மாதம் கும்பகோணத்துக்குப் போயிருந்தபோது, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எழுதிக் கொடுத்த பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தாள். "எல்லாம் நார்மல்தான்டா தம்பி, லேப்பில அந்தப் பொண்ணே சொல்லிட்டா" என்றாள். கிரியேட்டினின் 1.2. பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவு 0.6 முதல் 1.2 வரை. எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. தடித்த எழுத்தும் இல்லை, சிவப்பு மையும் இல்லை.

முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஒரு கணக்கின் இன்றைய இருப்பை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பது கைப்பழக்கம். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் 1.0. போன வருடம் 1.1. இப்போது 1.2. மூன்று தாளிலும் 'நார்மல்'. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த முதல் ஆள் நான்தான்!

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கிரியேட்டினின் என்பது நம் தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை அதிகம் உள்ளவருக்குக் கழிவு அதிகம், தசை வற்றிய கிழவிக்குக் குறைவு. அப்படியிருக்க, பாரம் தூக்கும் 25 வயது வாலிபனுக்கும் 44 கிலோ பாட்டிக்கும் ஒரே 1.2 எப்படி ஒரே அர்த்தம் தரும்?

தராது. அதனால்தான் கிரியேட்டினினோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இ-ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகின்றன என்பதற்கான மதிப்பீடு அது. 2021-ல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த 25 வயதுப் பையனுக்கு 1.2 என்றால் 86. என் அக்காவுக்கு அதே 1.2 என்றால் 48. அவளுடைய மூன்று ரிப்போர்ட்டையும் போட்டால் 61, 54, 48. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். இதைத்தான் மூன்று வருடமாக 'நார்மல்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வயசானா எல்லாருக்கும் குறையத்தானே செய்யும்?" என்பார்கள். குறையும், மறுக்கவில்லை. வயதானால் கண்ணும்தான் மங்குகிறது. அதற்காகக் கண்ணாடி போடாமல் ரோட்டைக் கடக்கிறோமா? வடிகட்டும் சக்தி குறைந்தவருக்குச் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டும், சிலவற்றை நிறுத்த வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பாதிப் பேர் விழுங்கும் மெட்ஃபார்மினே, அந்த எண் 30-க்குக் கீழே போனால் கூடாது என்கிறார்கள். ஸ்கேனுக்கு முன் மருந்து ஏற்றுவதாக இருந்தாலும் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். எண்ணே தெரியாவிட்டால் யார் எதைக் குறைப்பது?

அக்காவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியது. "டாக்டர்கிட்ட சொன்னியா?" என்றால், "இது சும்மா வலி மாத்திரைதானே" என்கிறாள். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சர்க்கரையும் கொதிப்பும் உள்ள வயதானவர் தினமும் போட்டுக்கொள்ளும் 'சும்மா' மாத்திரை இல்லை அது. லேப்பை மட்டும் திட்டிப் பயனில்லை. நாமும் மறைக்கிறோம்.

அடுத்த வாதம்: "சும்மா இருந்தவளை ஏன் டயாலிசிஸ் என்று பயமுறுத்துகிறாய்?" 48 என்றால் டயாலிசிஸ் இல்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் 15-ஐ நெருங்கும்போதுதான் வரும். 48 என்பது இன்னும் காப்பாற்ற நிறைய மிச்சம் இருக்கும் இடம். சிறுநீரகம் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே பயப்படுவது மேல்.

முழு உடல் பரிசோதனை என்று எண்பது பெயர்களைப் பட்டியல் போட்டுக் காசு வாங்குகிறார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: வயது அந்தத் தாளிலேயே இருக்கிறது, கணக்குப் போட கம்ப்யூட்டரும் இருக்கிறது. இ-ஜி.எஃப்.ஆரை ஒரு வரி அச்சடிக்க என்ன செலவு? சில இடங்களில் அச்சடிக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஏன் இல்லை?

அவர்கள் திருந்தும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். ரிப்போர்ட் வாங்கும்போது, "இ-ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?" என்று கேளுங்கள். சர்க்கரையோ கொதிப்போ இருந்தால் சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனையையும் கேளுங்கள். ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே சிலருக்குச் சிறுநீரில் தெரிந்துவிடும். முந்தின நாள் கறி விருந்து சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் போய் நிற்காதீர்கள். எண் ஏறிக் காட்டும். ஒரு தடவை குறைந்தால் இடிந்துபோகவும் வேண்டாம், மறுபடி பார்க்கச் சொல்வார்கள். மிகவும் மெலிந்தவர்களுக்கு இந்தக் கணக்கே கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதால், தேவையானால் சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு டெஸ்டும் உண்டு. நீங்களாகக் கொதிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அக்காவை மூன்று ரிப்போர்ட்டோடும் மாத்திரை டப்பாவோடும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா கேட்டாள்: "மூணு வருஷமா ஏன்டா யாருமே சொல்லலை?"

என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுப் பீரோவிலும் பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும். இன்றைக்கே எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.