சுக்கான் தளர்ந்த நடமாடும் வீடு

பழைய வான்களையும் சிறு லொறிகளையும் வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் தொழில் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டிலும் பரவி வருகின்றது. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதியுள்ள அன்பரும் தம் சேமிப்பையெல்லாம் இட்டு அத்தகைய வான் ஒன்றை அமைத்திருக்கின்றார். வண்டி நேர்ப்பாதையில் இருபுறமும் அலைகின்றதாம். வளைவிலே சுக்கானைத் திருப்பினால் சற்றுத் தாமதித்தே திரும்புகின்றதாம். "ஸ்டியரிங் பெட்டியை இறுக்கிவிட்டால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போக எண்ணியுள்ளேன். இறுக்கலாமா?" என்று கேட்கின்றார்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே எமது விடை.

காரணத்தைச் சொல்லுமுன் ஒரு கேள்வி. தண்ணீர்த் தொட்டியை எங்கே வைத்திருக்கின்றீர்கள்? பெரும்பாலும் வண்டியின் பின்கோடியிலேதான் வைக்கிறார்கள். அங்கேதான் இடம் இருக்கும். நூறு லீற்றர் தண்ணீர் 100 கிலோ நிறை. அது பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னே இருந்து, இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் இரண்டரை மீற்றராயின், பாடசாலையில் படித்த நெம்புகோல் விதிப்படி பின் அச்சு 140 கிலோவைத் தாங்கும். முன் அச்சின் மேலுள்ள பாரம் 40 கிலோ குறைந்துவிடும். திருப்ப வேண்டிய சில்லுகள் தரையைப் பற்றுவது தளர, சாரதி சுக்கானைக் குறை கூறுவார். தொட்டி அரைவாசி நிரம்பியிருந்தால் வளைவுதோறும் தண்ணீர் மறுபுறம் பாய்ந்து வண்டியை உலுக்கவும் செய்யும். ஆகவே தொட்டியையும் வாயுச் சிலிண்டரையும் இரு அச்சுகளுக்கும் இடையே, இயன்ற அளவு தாழ்வாக வையுங்கள். வண்டியை நிறைபாலத்தில் ஏற்றி, முன்னும் பின்னும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது மேலும் நன்று.

அடுத்து டயர். காற்றை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். வெறும் வானுக்குரிய அளவையன்று, பாரத்துக்குரிய அளவையே இடவேண்டும். பக்கச்சுவர் மெலிந்த டயரில் காற்றும் குறைந்திருந்தால், எத்துணைப் புதிய ஸ்டியரிங் பூட்டினாலும் வண்டி அலையத்தான் செய்யும்.

இவ்விரண்டும் சரியாயின் இணைப்புகளுக்கு வருவோம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தோட்டப்பாதையின் சேறு, டை ரொட் முனைகளையும் போல் ஜொயின்டுகளையும் மூடியுள்ள இறப்பர் உறை கிழிந்த இடத்தில் புகுந்து, கிறீஸைக் கழுவி, உலோகத்தை அரைத்துவிடுகின்றது. இதைக் கண்டறிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் சுக்கானை மெல்ல இடமும் வலமும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டே குற்றவாளி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பின்னர் முன்சில்லை உயர்த்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் தளர்ந்தது சில்லுப் பேரிங். நில்லாவிடில் கிங் பின்னோ போல் ஜொயின்டோ தேய்ந்திருக்கின்றது. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் புகக்கூடாது. உறுதியான தாங்கி வைத்த பின்னரே தலையை உள்ளே நீட்டுங்கள்.

பின் ஸ்பிரிங் தட்டுகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். யூ போல்ட் தளர்ந்தாலும், ஸ்பிரிங் புஷ் தேய்ந்தாலும் பின் அச்சே சற்றுக் கோணி, சாரதி அறியாமலே வண்டியைத் திருப்பும். ஷொக் அப்சோபர் செத்த வண்டியும் அவ்வாறே.

மூட்டுகளை மாற்றுவதாயின் புதியவையே வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்குவதை நாம் குறை சொல்லோம்; பழைய போல் ஜொயின்டு வாங்குவது தேய்வை விலை கொடுத்து வாங்குவதாகும். மாற்றியபின் சில்லுச் சீரமைப்பும் செய்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் எஞ்சியிருந்தால் பெட்டியைத் தொடலாம். சிறு வண்டிகள் பலவற்றின் கையேடுகள் சுக்கான் விளிம்பில் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம் என்கின்றன. உங்கள் கையேட்டைப் பாருங்கள். பழைய வான்களின் பெட்டிக்குள் சுழலும் திருகும் பல்லும் நேராக ஓடும் நிலையிலேதான் மிகுதியாகத் தேய்கின்றன. நடுவிலுள்ள ஆட்டத்தை ஒழிக்கத் திருகாணியை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பல் இறுகிவிடும். நேர்வீதியில் வண்டி அழகாக ஓடும்; கொண்டையூசி வளைவில் திருப்பிய சுக்கான் திரும்பி வராது. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமான பாதையில், எதிரே கொழுந்து லொறி வரும்போது அது எத்தகைய நிலை என்று எண்ணிப் பாருங்கள். எனவே சில்லுகளை உயர்த்தி, சுக்கானை நடுவில் வைத்து, கால் சுற்றுக்கு மேற்படாமல் முறுக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். எங்கேனும் பிடித்தால் திருகாணியைத் திரும்பத் தளர்த்துங்கள். அப்பெட்டியின் ஆயுள் முடிந்தது, புதுப்பிப்பதே வழி.

மாணவர் ஒருவர் முன்பு கேட்டதற்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். வளைவில் உட்சில்லு வெளிச்சில்லைவிட மிகுதியாகத் திரும்பும் அமைப்பை 'அக்கர்மன் அமைப்பு' என்பர். அதைக் கண்டவரோ மியூனிச் நகரத்து வண்டி செய்வோரான லாங்கன்ஸ்பெர்கர். லண்டனில் அவருடைய முகவராயிருந்த அக்கர்மன் 1818ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றதால் பெயர் அவருக்குப் போயிற்று. அது குதிரை வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

அன்பருக்கு இன்னுமொன்று. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறியதைக் கடிதத்தில் பெருமையுடன் குறித்திருக்கின்றீர்கள். அது புகையைப் பார்க்கும்; சுக்கானைப் பாராது. வேலை முடிந்தபின் தொட்டியை நிரப்பி, பிள்ளைகள் இன்றித் தனியே மாதம்பைச் சந்தி வரை இறங்கி ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவின் முடிவிலும் கையைத் தளர்த்தியதும் சுக்கான் தானே நடுவுக்கு வருமாயின், எம்பிலிப்பிட்டிய வழியாகக் கதிர்காமத்துக்குப் புறப்படலாம்.

தெஹியோவிட்ட வாசகர் கேட்ட, இறக்கத்தில் சூடேறும் பிரேக் பற்றி அடுத்த வாரம்.