ஒரு மணி நேரத் தூக்கத்தின் விலை

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மார்ச் மாதம் ஒரு சின்னக் குழப்பம் வரும். நியூயார்க்கில் இருக்கும் மகள் காலை எட்டு மணிக்குப் போன் செய்தால், இங்கே மாலை ஆறரை. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதே போன் ஐந்தரைக்கே வந்துவிடும். 'அங்கே மணியை மாத்திட்டாங்க' என்பது பாட்டி வரை எல்லோருக்கும் தெரியும். அந்த மாற்றம் சாலையில் என்ன செய்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாது.

அன்று அதிகாலை இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை மூன்றுக்குத் தள்ளுகிறார்கள். ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் மட்டும் விதிவிலக்கு. மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழைய நேரத்துக்கே திரும்புகிறார்கள்.

கடிகாரம் ஒரு நொடியில் மாறிவிடும். உடம்பு அப்படி மாறாது. இரவு பதினொன்றுக்குத் தூங்கிப் பழகியவருக்கு அன்று பத்து மணிக்கே தூக்கம் வராது. ஆனால் திங்கட்கிழமை காலை அலாரம் ஒரு மணி நேரம் முன்னதாகவே அடித்துவிடும். எழுந்தால் வெளியே இருட்டு. தூக்கம் கலையாத கண்ணோடு காரை எடுக்கிறார்கள்.

1996 முதல் 2017 வரை அமெரிக்காவில் நடந்த ஏழு லட்சத்துக்கும் அதிகமான உயிர்ப்பலி விபத்துகளைக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். கடிகாரத்தை முன்னே தள்ளிய பிறகு வரும் வாரத்தின் ஐந்து வேலை நாட்களில், உயிர் போகும் விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடியிருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 28 விபத்துகள். பெரிய நாட்டுக்கு இது சின்ன எண்தான். அந்த 28 வீடுகளுக்கு அப்படி இல்லை.

மழை, பனி, விடுமுறைக் கூட்டம் என்று வேறு காரணம் இருக்கலாமே? அதற்கும் பதில் இருக்கிறது. 2006 வரை இந்த மாற்றம் ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று நடந்தது. 2007-ல்தான் மார்ச்சுக்கு மாற்றினார்கள். விபத்துகளின் ஏற்றமும் ஏப்ரலை விட்டுவிட்டு மார்ச்சுக்கு நகர்ந்தது.

ஒரே நேர மண்டலத்துக்குள் மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் சற்று அதிகம், சுமார் 8 சதவீதம். பாஸ்டனிலும் டெட்ராய்ட்டிலும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் டெட்ராய்ட்டில் சூரியன் முக்கால் மணி நேரம் தாமதமாக உதிக்கிறது. அங்கே காலை இருட்டும் அதிகம், தூக்கக் குறைவும் அதிகம்.

சாலையில் மட்டும் இப்படி என்றில்லை. 1983 முதல் 2006 வரை அமெரிக்கச் சுரங்கங்களில் நடந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, ஏப்ரலில் மணி மாறிய மறுநாள் திங்கட்கிழமை காயங்கள் 5.7 சதவீதம் கூடியிருந்தன. காயத்தால் வீணான வேலை நாட்களோ சுமார் 68 சதவீதம் அதிகம். அன்று தொழிலாளர்கள் இழந்த தூக்கம் சராசரியாக 40 நிமிடம்தான்.

நவம்பரில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் திடீரென்று இருட்டிவிடுகிறது. நடந்து போகிறவர்கள் ஓட்டுநர் கண்ணில் படுவதில்லை. மான்கள் இணை தேடி அலையும் காலமும் அதுவே. அந்த ஒரு வாரத்தில் கார்கள் மான்மீது மோதுவது 16 சதவீதம் கூடுவதாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் ஆண்டு முழுக்க ஒரே நேரம் வைத்துக்கொள்ளக் கூடாதா? 1974 ஜனவரியில் அமெரிக்கா முன்தள்ளிய நேரத்தையே நிரந்தரமாக்கிப் பார்த்தது. குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, பெற்றோர் கொதித்தார்கள், அதே ஆண்டிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பிரிட்டனும் 1968 முதல் 1971 வரை இதைச் சோதித்தது. காலை விபத்துகள் கூடின, மாலை விபத்துகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன. ஆனாலும் வடக்கே இருண்ட காலைகளைத் தாங்க முடியாமல் கைவிட்டார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கமோ, சூரியனோடு ஒத்துப்போகும் பழைய நேரத்தையே நிரந்தரமாக்கச் சொல்கிறது.

சட்டம் மாறும் வரை, அங்கே இருப்பவர்கள் செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம் உண்டு. மார்ச் மாற்றத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். ஞாயிறு காலை வெயிலில் சற்று நடக்கலாம். நீண்ட தூரப் பயணத்தை அந்த வாரம் தள்ளிப்போடலாம். நவம்பரில் மாலை நடைக்குப் போகிறவர்கள் வெளிர் நிற உடை அணியலாம். காலையில் கண் சொருகினால், அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை. அந்தக் கண்ணோடு காரை எடுக்க வேண்டாம்.